நடவு முடிஞ்சு வரேன்

இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கும்படி அழைப்பு வந்தபோது, தஞ்சாவூரில் இத்தனை பெரியவர்கள் இருக்க என்னைக் கூப்பிடுவானேன் என்று தயங்கினேன். மாநாடே உங்கள் பேராவூரணியில்தான் என்றார்கள். அதற்கு மேல் தப்ப வழியில்லை.

மின்னணு மருத்துவப் பதிவேடுகளில் சிகிச்சைத் தொடரை எப்படி வரையறுப்பது என்பது மாநாட்டுப் பொருள். எபிசோட் என்றால் வீட்டில் ராத்திரி சீரியல் ஞாபகம் வந்துவிடுகிறது; தொடர் என்றே சொல்கிறேன். இதைப் பற்றி 1967இல் ஜெரி சோலன் குழுவினர் எழுதிய கட்டுரையும், 2016இல் ஒன்றிய அரசு திருத்திய பதிவேட்டுத் தரங்களும், ஆபா என்னும் சுகாதாரக் கணக்கு எண்ணும் நீங்கள் அறிந்தவை. கர்ப்பத் தொடர் எங்கே முடிகிறது என்பதிலும் சண்டையில்லை. கர்ப்பிணிகளுக்கான பிக்மி தளத்தில் பதிந்து, பிரசவத்துக்குப் பின் 42 நாள் என்று கோடு போட முடிகிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணோடு அதில் கிடைத்த 12 இலக்க எண்ணும் போகிறது.

சண்டையெல்லாம் சர்க்கரையில்தான். முன்வரிசையில் இருக்கும் என் நெடுநாள் நண்பர், 60 நாள் வராத நோயாளியின் தொடரை மூடிவிடலாம் என்று எழுதியவர். கணக்குப் பார்க்க வசதியான விதி, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் வந்து சேரும்போதுதான் நடவு. அந்த நாளில் சர்க்கரை பார்க்க யார் ஓ.பி. வரிசையில் நிற்பார்? மாத்திரை தீர்ந்தாலும் "நடவு முடிஞ்சு வரேன்" என்பார் சர்க்கரை உள்ள ஓர் அம்மா. வரும்போது கால்விரல் இடுக்கில் புண் இருக்கும். நண்பரின் விதிப்படி அவர் புது நோயாளி. சர்க்கரைத் தொடர் மூடியாயிற்று, புண்ணுக்குத் தனித் தொடர். இரண்டையும் இணைக்கும் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

போதாக்குறைக்கு, 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது ஆஸ்பத்திரிக் கணினியில் ஏறாவிட்டால், ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவரும் காணாமற்போனவராகிவிடுவார்.

கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரின் பழைய பதிவேட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். நீல மையில் ரத்த அழுத்த எண்கள். பிறகு மூன்று கட்டம் காலி. காலியின் குறுக்கே பென்சிலில் 'நடவு'. இன்னொரு வரியில் 'மக வீடு, திருப்பூர்'. அப்புறம் மறுபடி எண்கள். இந்தப் பென்சில் எழுத்தை யாரும் மேற்கோள் காட்டியதில்லை. நானே ஒரு காலத்தில் இதையெல்லாம் 'தகவல் இல்லை' என்று கணினியில் ஏற்றியவன்தான்.

மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கான எஃப்.எச்.ஐ.ஆர். தரத்தைப் புரட்டுங்கள். வருகை வேறு, தொடர் வேறு என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். தொடரின் நிலைகளில் நிறுத்திவைப்பு என்றும் ஒன்று உண்டு. சீரியல்காரர் கடைசியில் போடும் 'தொடரும்' அதுதான். நான் கையாண்ட மென்பொருள் எதிலும் அதற்குப் பொத்தான் இல்லை. 'புதியவர்', 'முடிந்தது', இவ்வளவுதான்.

ஆகவே தொடரை மூடும் உரிமை நாள்கணக்குக்கு வேண்டாம். செவிலியர் காரணம் எழுதி மூடட்டும். அவர்களுக்கு வேலை கூடும் என்பது நண்பரின் பழைய பதில். பென்சில் வேலையை அவர்கள் கேட்காமலே செய்துவந்திருக்கிறார்கள், ஐயா. கணினியில்தான் அதற்குக் கட்டம் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள். முதல் கட்டுரையே நண்பருடையது. மேடை ஏறுமுன் இந்தப் பதிவேட்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.