மூட்டுவாதமுள்ள பிள்ளையின் உணவும் எலும்பும்

(நூற்றாண்டு விழாவில், வைத்தியத்துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



எங்கள் வகுப்பில் ஒருத்தி இருந்தாள். காலை முதற் பாடத்தில் பேனை பிடிக்கச் சிரமப்படுவாள். மத்தியானத்துக்குப் பின் எங்களோடு ஓடி விளையாடுவாள். நாங்கள் அவளைச் சோம்பேறி என்றோம். மருத்துவம் படித்த பிறகுதான் அது மூட்டுவாதத்தின் காலைநேர விறைப்பாக இருந்திருக்கலாம் என்று விளங்கியது. அவளிடம் கேட்காத மன்னிப்பாகவே இன்று பேசுகிறோம்.

16 வயதுக்கு முன் தொடங்கி, குறைந்தது 6 வாரம் நீடிக்கும், வேறு காரணம் காணப்படாத மூட்டு அழற்சியே சிறுவர் மூட்டுவாதம். அது எலும்பையும் மெலிவிக்கும். அழற்சி ஒரு காரணம். நோவால் பிள்ளை ஓடியாடாதிருப்பது இன்னொன்று. நீண்டகாலம் எடுக்கும் ஸ்ரெரொயிட் மருந்து மூன்றாவது. எலும்புப் பலத்தின் பெரும்பங்கு 18 வயதுக்குள் சேருவதால், அந்த வருடங்களை இழக்க முடியாது.

ஆனால் வீட்டில் நடப்பதென்ன? ‘வாதம்’ என்றதும் பத்தியம் தொடங்கிவிடும். தயிர் குளிர்ச்சி, மீன் கிரந்தி என்று, எலும்புக்கு வேண்டியவற்றையே நிறுத்திவிடுகிறோம். எந்தப் பத்தியமும் இந்நோயை மாற்றாது; போதாத உணவோ எலும்பைக் கெடுக்கும்.

9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். ஒரு கோப்பை பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் உண்டு. தயிர், முள்ளோடு உண்ணும் நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை எல்லாம் கைகொடுக்கும். முட்டை, மீன், பருப்பு புரதம் தரும். விற்றமின் டி பெரும்பாலும் வெயிலிலிருந்தே கிடைக்கிறது. குளிசை வைத்தியர் சொன்னால் மட்டும். தாடை நொந்தால் கூழாகவோ மசித்தோ கொடுங்கள். ஸ்ரெரொயிட் பசியைக் கூட்டும். அப்போது இனிப்பையும் உப்பையும் குறையுங்கள். அம்மருந்தைத் திடீரென நிறுத்தவே வேண்டாம்.

ஆசிரியைகளாயுள்ள சகோதரிகளே, அப்பிள்ளையை எந்நேரமும் மரநிழலில் இருத்திவிடாதீர்கள். வைத்தியர் அனுமதித்த அளவில் நடக்கட்டும், நீந்தட்டும், சைக்கிள் ஓடட்டும். காலையில் அவள் பிந்தி வந்தால், ஏசுவதற்கு முன் ஏனென்று கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.