கணக்கில் எழுதாத செலவு – ரயிலில் ஒரு கடற்கரைப் பயணம்



நான் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து அமர்ந்தால் வரிக் கணக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். ஜனவரி 31ஆம் திகதி நெருங்குகிறது, பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுங்கள் என்று வருடாவருடம் உங்களை வெருட்டுகிற ஆள்தானே நான்! இன்றைக்கு வேறொரு கணக்கு. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகிற கணக்கு. அதுவும் கார் இல்லாமல், ரயிலில்.

முதலில் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் விரும்பி ரயிலில் போனவன் அல்ல. எனக்கு நீண்டகாலமாக நீரிழிவு நோய் இருக்கிறது. 2025ஆம் ஆண்டு இளவேனிலில் இரண்டு கண்களுக்கும் லேசர் சிகிச்சை செய்தார்கள். இரண்டு கண்களுக்கும் அந்தச் சிகிச்சை நடந்தால் இந்த நாட்டில் ஓட்டுநர் உரிமத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அவர்கள் பார்வைப் பரப்பைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். அதுவரை கார் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்றார் வைத்தியர். கார்த் திறப்பைச் சுவரில் கொழுவிவிட்டேன். மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. மகள் அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தாள்.

நேயர்களே, எங்கள் ஆட்களுக்குக் கார் என்றால் வெறும் கார் அல்ல. கையில் ஒரு பையோடு வந்து இறங்கி, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து, முதன்முதலாக வாங்கிய பழைய காரைக் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசுக்கியவர்கள் நாங்கள். அந்தக் கார் இல்லாமல் போவது என்றால் ஏதோ நிலை இறங்கிவிட்டது போல ஒரு வெட்கம். கோயிலில் ஒருவர் “கார் எங்கே?” என்று கேட்டபோது, “கராச்சில் விட்டிருக்கிறேன்” என்று நான் பொய் சொன்னேன். கண்ணைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. “இந்த முறை கடற்கரை இல்லை” என்று வீட்டிலும் அறிவித்துவிட்டேன்.

அப்போது 13 வயது மகன் கேட்டான்: “அப்பா, அங்கே ரயில் போகாதா?”

இந்த இடத்தில் என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு வயது 81. மயிலிட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். வீட்டுப் படலையைத் திறந்தால் கடல் நடை தூரம். 1990இல் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த கடல் அது. பிறகு வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் தூரத்தில் நின்று கடலைப் பார்த்திருக்கிறார், கால் நனைத்ததில்லை. 2008இல் எங்களிடம் வந்தார். அவருக்குக் காரில் அரை மணித்தியாலம் இருந்தாலே தலைச்சுற்றும் சத்தியும் வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கோடையிலும், “என்னை விட்டிட்டுப் போங்கோ மோனை, எனக்கு உந்தக் கடலெல்லாம் வேண்டாம்” என்று சொல்வார். அவரைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் போவோம். கொரோனாக் காலத்து இரண்டு வருடங்களைக் கழித்தால், 2009 முதல் 2024 வரை 14 கோடைகள். “அம்மாவுக்கு விருப்பமில்லை” என்று நாங்களும் சொல்லிக்கொண்டோம். எல்லோருக்கும் வசதியான ஒரு வசனம் அது.

மகன் ரயிலைப் பற்றிக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ரெயில் எண்டால் எனக்குச் சத்தி வராதே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அன்று இரவு நித்திரை வரவில்லை.

சரி, இனி நாங்கள் எப்படித் திட்டமிட்டோம் என்று சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

முதலாவது, ஊரைத் தெரிவு செய்வது. காரில் போகிறவர் கடற்கரையைத் தெரிவு செய்வார். ரயிலில் போகிறவர் ரயில் நிலையத்தைத் தெரிவு செய்ய வேண்டும். இறங்கினால் நடந்தே கடலுக்குப் போகக்கூடிய ஊர் எது என்று பாருங்கள். மார்கேற்றில் நிலையத்துக்கு எதிரே மணல். சென் பாங்கிராஸிலிருந்து கடுகதி ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். சவுத்எண்டுக்கு ஃபென்சேர்ச் ஸ்ரீற்றிலிருந்து ஒரு மணித்தியாலம். அங்கே கடலுக்குள் 2 கிலோமீற்றருக்கு மேல் நீளும் இறங்குதுறையில் குட்டி ரயிலே ஓடுகிறது. பிறைற்றனும் ஒரு மணித்தியாலம்தான். ஆனால் நிலையத்திலிருந்து கடலுக்கு இறக்கம், திரும்பும்போது ஏற்றம், கரையும் கூழாங்கல். வயதானவர்களுக்குக் கடினம். வடக்கே இருக்கும் நேயர்களுக்கு யோர்க்கிலிருந்து ஸ்காபறோ ஒரு மணித்தியாலத்துக்குள் இருக்கிறது.

நாங்கள் தெரிவு செய்தது தென்கரையில் உள்ள வேமத். வாட்டலூவிலிருந்து நேர் ரயில், மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. 1857இலேயே ரயில் போய்ச் சேர்ந்த ஊர். நிலையத்திலிருந்து கடற்கரைக்குச் சமதரையில் சில நிமிட நடை. மெல்லிய மணல். கரையோரம் ஆழமில்லை.

இரண்டாவது, காசு. இங்கேதான் என் தொழில் வருகிறது. ஃபமிலி அண்ட் ஃபிரெண்ட்ஸ் ரெயில்கார்ட் என்று ஒரு அட்டை இருக்கிறது. 2025 மார்ச்சில் அதன் விலை 30 பவுணிலிருந்து வருடத்துக்கு 35 பவுணாக உயர்ந்தது. ஒரே அட்டையில் 4 பெரியவர்களும் 4 பிள்ளைகளும் போகலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பெரியவர்களுக்குக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கழிவு. பிள்ளைகளுக்குச் சிறுவர் கட்டணத்தில் 60 வீதம் கழிவு. ஒரே நிபந்தனை, 5 முதல் 15 வயதுவரையான ஒரு பிள்ளையாவது கூட வரவேண்டும். வார நாட்களில் லண்டன் பக்கத்துக் காலை நெரிசல் நேரத்துக்கு இது செல்லாது.

கணக்கு விளங்குவதற்காக முழு எண்களாகச் சொல்கிறேன். பெரியவருக்குப் போய்வர 60 பவுண், சிறுவருக்கு 30 பவுண் என்று வையுங்கள். எங்கள் வீட்டில் பெரியவர்கள் 4, சிறுவன் 1. அட்டை இல்லாமல் 270 பவுண். அட்டையோடு பெரியவருக்கு 40, சிறுவனுக்கு 12. மொத்தம் 172 பவுண். மிச்சம் 98. ஒரே பயணத்தில் அட்டைக் காசு கிட்டத்தட்ட மூன்று மடங்காகத் திரும்பி வந்துவிடுகிறது. அதற்குமேல், குறித்த ரயிலுக்கென்று முன்கூட்டியே விற்கும் ரிக்கற்றுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 12 வாரங்களுக்கு முன் வெளிவரும். அவை இன்னும் மலிவு. அட்டைக் கழிவும் அதில் கிடைக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களா? 3 முதல் 9 பெரியவர்கள் சேர்ந்து போனால் பல ரயில் கம்பனிகள் நெரிசலற்ற நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கின்றன. அதற்கு அட்டையே தேவையில்லை.

இனிக் கார்க் கணக்கு. எங்கள் வீட்டிலிருந்து வேமத் ஏறத்தாழ 130 மைல். போய்வர 260. எங்கள் ஆட்கள் பெற்றோல் காசை மட்டும்தான் எண்ணுவார்கள். காப்புறுதி, ரயர், தேய்மானம் எல்லாம் ஆகாயத்திலிருந்தா வருகின்றன? தொழில் நிமித்தம் சொந்தக் கார் ஓடுபவர்களுக்கு 2011இல் அரசாங்கம் மைலுக்கு 45 பென்ஸ் என்று வகுத்தது. அந்த அளவுகோலால் பார்த்தால் 117 பவுண். வாகனம் நிறுத்தும் காசு வேறு. ஆகவே நேயர்களே, ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ரயில்தான் மலிவு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் மலிவு, பல நாள் கொஞ்சம் கூட. அந்த வித்தியாசத்துக்கு என்ன வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, உதவி. பசெஞ்சர் அசிஸ்ட் என்ற சேவை இலவசம். வயதானவர்களுக்கும் நடக்கக் கஷ்டப்படுபவர்களுக்கும் நிலையத்தில் ஆள் வந்து ஏற்றி இறக்கிவிடுவார். 2022 முதல் பயணத்துக்கு 2 மணித்தியாலம் முன்பு அறிவித்தாலே போதும். அம்மாவுக்குச் சொன்னபோது கோபம் வந்துவிட்டது. “நான் என்ன ஏலாவாளியே, கதிரையில வைச்சுத் தள்ள?” என்றார். எங்களுக்கெல்லாம் இந்தக் குணம் உண்டு. கேட்டால் பிச்சை எடுக்கிற மாதிரி நினைப்போம். அது ரிக்கற்றோடு சேர்ந்த உரிமை என்று விளக்கி, கதிரை வேண்டாம், கைபிடித்துக் கூட்டிப்போக ஒருவர் மட்டும் போதும் என்று பேசி முடித்தோம். அந்த உதவியாளர் வந்ததும் நல்லதாயிற்று. கூட்டம் குறைவென்று நான் கடைசிப் பெட்டியை நோக்கி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று அவர் கேட்டார். வேமத் என்றேன். “அந்தப் பெட்டிகளை இடைவழியில் கழற்றிவிடுவார்கள், முன்னுக்கு வாருங்கள்” என்றார். நீண்ட தூர ரயில்களில் இதைக் கட்டாயம் கேட்டு ஏறுங்கள்.

நான்காவது, சாமான். ஆளுக்கு ஒரு சில்லுப் பை, அதற்குமேல் இல்லை என்று சட்டம் போட்டேன். “இஞ்சேருங்கோ, றைஸ் குக்கரை எப்படி விட்டிட்டுப் போறது?” என்று மனைவி கேட்டார். காரின் பின்பெட்டியில் வீட்டையே கட்டிக்கொண்டு போய்ப் பழகியவர்கள் அல்லவா! தங்குமிடத்தில் அடுப்பும் சட்டியும் இருப்பதைப் படத்தில் காட்டிய பிறகுதான் சமாதானம். ஆனால் றோல்ஸ், பருத்தித்துறை வடை, ஒரு போத்தல் சம்பல் ஆகியவற்றில் எந்தச் சட்டமும் செல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாதைத் திருத்த வேலைகள் நடக்கலாம். அப்போது ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். அம்மாவுக்கு அது ஆகாது. ஆகவே வார நாளில், காலை நெரிசல் கழிந்தபின் புறப்பட்டோம். எங்கோ இடைவழியில் ஏறாமல் ரயில் புறப்படும் வாட்டலூவுக்கே நேரத்தோடு போனதால் மேசையோடு கூடிய நான்கு இருக்கைகள் கிடைத்தன. மகள் பக்கத்து வரிசையில். தாமதமானால் நட்டஈடு கேட்கவும் வழியுண்டு. சில கம்பனிகள் 15 நிமிடத்திலிருந்தே கொடுக்கின்றன. ரிக்கற்றை வீசிவிடாதீர்கள்.

புறப்பட்டுச் சிறிது நேரத்தில் எனக்கு ஒன்று உறைத்தது. என் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் கடற்கரைக்குப் போவது இதுதான் முதல் தடவை. இருபது வருடமாக நான் பார்த்தது முன்னால் போகிற வாகனத்தின் பின்புறத்தை. விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டு, வாகன நெரிசலில் மனைவியோடு சண்டை பிடித்து, நிறுத்த இடம் தேடி, கடைசியில் மணலில் படுத்து நித்திரை கொண்டு, மாலையில் எழும்பி மறுபடியும் காரை எடுத்ததுதான் என் கடற்கரை.

நியூ ஃபொறெஸ்டில் காட்டுக் குதிரைகளைப் பார்த்தபடி மகனும் அம்மாவும் வடை சாப்பிட்டார்கள். பூலைத் தாண்டியதும் ரயில் தண்ணீருக்கு நடுவே போகிறது. இரண்டு பக்கமும் வெளி. அம்மா சாப்பாட்டை வைத்துவிட்டு யன்னலோடு ஒட்டிக்கொண்டார்.

“தம்பி, இது எங்கட ஆனையிறவு மாதிரியெல்லே கிடக்கு!”

பிறகு கதை நிற்கவில்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். என் தகப்பனார் கொழும்பில் அரசாங்க எழுதுவினைஞர். வருடத்தில் கிடைக்கும் இலவச ரயில் வொறன்ற்றில்தான் எங்கள் பயணம். ஆனையிறவு வந்தால் உப்பு வாசம் வரும், ஊர் கிட்டிவிட்டது என்று எங்களை எழுப்பி முகம் கழுவிவிடுவாராம். “அப்பாச்சி, அந்த ரயில் இப்ப ஓடுதா?” என்று மகன் கேட்டான். 1990இல் நின்றுபோனதையும், தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போனதையும், 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரையும் ரயில் போனதையும் நான் சொன்னேன். இந்தக் கதைகளை என் பிள்ளைகள் அதற்கு முன் கேட்டதில்லை. எங்கே கேட்பது? காரில் அப்பாச்சி இருந்ததே இல்லையே.

வேமத்தில் சேலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு அம்மா தண்ணீருக்குள் இறங்கினார். பேத்தி ஒரு கை, பேரன் ஒரு கை. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு அதே உப்புத்தான். தண்ணிதான் சரியான குளிர்” என்றார். நான்கு நாளும் காலையும் மாலையும் அவர்தான் எங்களைக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நேயர்களே, நான் வணிகமாணிப் பட்டம் படித்தவன். முப்பது வருடமாக மற்றவர்களின் கணக்கில் விடுபட்ட செலவைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. என் வீட்டுக் கணக்கில் 14 வருடமாக ஒரு செலவை நான் எழுதவே இல்லை. தாயை வீட்டில் விட்டுவிட்டுப் போன செலவு. அதைக் கார் கேட்டது, நான் கொடுத்தேன், பற்றுச்சீட்டுக்கூட வாங்கவில்லை.

அந்த வருடப் புரட்டாதி மாதத்தில் நான் கார் ஓட்டலாம் என்று கடிதம் வந்தது. இப்போது கடை கண்ணிக்கும் கோயிலுக்கும் ஓட்டுகிறேன். கண்ணைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நீரிழிவு உள்ளவர்கள் கண் பரிசோதனைக் கடிதம் வந்தால் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். ஆனால் கடற்கரைக்கு மட்டும் இனி எங்களுக்கு ரயில்தான்.

உங்கள் வீட்டிலும் “எனக்கு விருப்பமில்லை, நீங்கள் போங்கோ” என்று சொல்கிற ஒருவர் இருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே விருப்பமில்லையா, அல்லது நீங்கள் போகிற வழிதான் அவருக்கு ஒத்துவரவில்லையா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.