லயத்து வீட்டிலிருந்து மாடி வீட்டுக்கு



கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டிலும், பாரத் தோட்டம் 1933ஆம் ஆண்டிலும் தொடங்கின. காடு வெட்டிக் கன்று நட்ட நம் பாட்டன்மாருக்கு வீடு ஒரு கவலையாகவே இருக்கவில்லை. பெயர் பதிந்ததும் லயத்தில் ஒரு கதவைக் காட்டினார்கள். ஆனால் அந்தக் கதவு வேலையோடு வந்தது, வேலையோடு போகக்கூடியது. இன்று கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்தாரும் நேப்பாளிகளும் ஆகிவிட்டார்கள். நம் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். 60 வயதில் ஓய்வு என்று வந்தவுடன் மகன் தொலைபேசியில் கூப்பிடுகிறான்: "அப்பா, ஏழாவது மாடியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்."

கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் சில கேள்விகள் கேட்க வேண்டும். முப்பது ஆண்டு உழைப்பின் பணம் அது. இன்னொரு முறை சேராது.

முதல் கேள்வி, அந்த வீட்டில் நாம் எப்படி வாழப் போகிறோம் என்பது. லயத்தில் வாசலுக்கு வெளியே வந்தால் மண். நாலு கத்தரிச் செடி, ஒரு கோழிக்கூடு, மிளகாய் காய வைக்க ஒரு சாக்கு. மாடி வீட்டில் வாசலுக்கு வெளியே இருக்கும் நடைபாதை உங்களுடையது அல்ல. அது எல்லாருக்கும் பொதுச் சொத்து. அங்கே பொங்கல் அடுப்பு மூட்ட முடியாது, செருப்பு அலமாரி வைத்தால்கூடக் கடிதம் வரும். வயதான அம்மா இருந்தால் மின்தூக்கி உண்டா, அது ஓடுகிறதா என்று பாருங்கள். மலிவு விலை அடுக்குமாடிகள் பல, மின்தூக்கியே இல்லாமல் ஐந்து மாடி வரை கட்டப்பட்டவை. மலையில் ஏறி இறங்கிய கால்தானே என்று நினைக்காதீர்கள். அந்தக் கால்தான் முதலில் வலிக்கும்.

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இன்னொன்றையும் கேளுங்கள். இழவு விழுந்தால் என்ன செய்வது? தோட்டத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் லயமே திரண்டுவிடும். மாடியில் பெட்டியை மின்தூக்கியில் ஏற்ற முடியுமா, கீழே பொது மண்டபம் உண்டா, அதை யாரிடம் கேட்டு எடுப்பது? கல்யாணத்துக்கும் இதே மண்டபம்தான். விற்பனைக்காரர் இதையெல்லாம் சொல்ல மாட்டார். அவர் நீச்சல் குளத்தைத்தான் காட்டுவார்.

அந்த நீச்சல் குளத்துக்கு வருவோம். நீங்கள் அதில் கால் நனைக்காவிட்டாலும் பராமரிப்புக் கட்டணத்தில் உங்கள் பங்கு உண்டு. மாதம் 80 வெள்ளி கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்குச் சாயம் அடிக்கவும் மின்தூக்கி மாற்றவும் வேண்டிய ஒதுக்கு நிதிக்கு, வழக்கமாக அதன்மேல் பத்து விழுக்காடு, அதாவது 8 வெள்ளி. ஆக மாதம் 88 வெள்ளி, ஆண்டுக்கு 1,056 வெள்ளி. வங்கிக் கடன் தவணையும் வரிகளும் தனி. கடன் ஒரு நாள் முடியும், இந்தக் கட்டணம் முடியாது. ஆகவே குளம், உடற்பயிற்சி அறை, பூங்கா என்று பட்டியல் நீளும்போது மகிழ்வதற்கு முன், யாருக்காக இவை என்று வீட்டுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணத்தைப் பலர் கட்டாத இடத்தில் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மின்தூக்கி நிற்கும், குப்பை குவியும், காவலாளி போய்விடுவார். ஒழுங்காகக் கட்டுகிறவர்களும் சேர்ந்தே துன்பப்படுவார்கள். இதை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்க வழி உண்டு. அறிவிப்புப் பலகைக்குப் போங்கள், பாக்கி வைத்தவர்களின் பட்டியல் அங்கே ஒட்டப்பட்டிருக்கலாம். ஆண்டுக் கூட்டத்தில் வைத்த கணக்கை விற்பவரிடம் கேளுங்கள். அந்த வீட்டுக்கே பாக்கி உண்டா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் வாங்குங்கள். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பாக்கி வைத்தவர் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்க முடியாது. தகராறுகளைக் கேட்க 2015 முதல் ஒரு நடுவர் மன்றமும் இருக்கிறது.

மலைச் சரிவில் உள்ள கட்டடமா? அப்படியானால் மழை நாளில் போய்ப் பாருங்கள். தேயிலை மலையில் நீர் ஓடும் வழி அடைத்தால் மண் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1993ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் தேதி உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் என்ற பன்னிரண்டு மாடிக் கட்டடம் சரிந்து 48 பேர் மாண்டார்கள். பின்புற மலையின் நீர் ஒழுங்காக வடியாததும் அதற்கு ஒரு காரணம். சுவர் விரிசலையும் அடைபட்ட கால்வாயையும் பார்க்கப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

நம்மவர் பட்ட பாடு ஒன்றும் உண்டு. 1990களில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது, பிராங் புசார் முதலிய தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தார்கள். பின்னர் கட்டடத்தில் விரிசல் கண்டது. தரையோடு சேர்ந்த தனி வீடு கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் போராட வேண்டியதாயிற்று. அவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அதிகம் இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது.

மலையைவிட்டு இறங்க மனமில்லாதவர்கள் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் அடுக்குமாடி பார்க்கலாம். ஆனால் அங்கே பல வீடுகள் சுற்றுப்பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. செவ்வாய்க்கிழமை பார்த்தால் கோயில்போல் அமைதி. சனிக்கிழமை இரவு போய்ப் பாருங்கள், அண்டை வீட்டார் யார் என்று தெரியும். பக்கத்து வீட்டில் ஒவ்வொரு வாரமும் புது முகம் என்றால், அவசரத்துக்கு யார் கதவைத் தட்டுவீர்கள்?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தோட்டத்தில் மண்டோராக இருந்தவர், மகன் காட்டிய வீட்டுக்கு மூன்று முறை போனார். ஒரு முறை காலையில், ஒரு முறை இரவில், ஒரு முறை கொட்டும் மழையில். மூன்றாம் முறை காவலாளியோடு தேநீர் குடித்தார். அங்கே ஆறு மாதமாக ஒரு மின்தூக்கி ஓடவில்லை என்பது அந்தத் தேநீரில்தான் தெரிந்தது. மகனுக்குக் கோபம், குளம் உள்ள இடம் போயிற்றே என்று. கடைசியில் சந்தைக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில், குளமில்லாத பழைய கட்டடம் ஒன்றில் முதல் மாடி வீட்டை வாங்கினார்கள். பேத்தியைப் பள்ளிக்குக் கொண்டுவிடுவது இப்போது தாத்தாவின் வேலை. வாசலில் இரண்டு தொட்டிகளில் கறிவேப்பிலை வளர்க்கிறார். நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் வைத்தாராம்.