தங்கையின் பங்கு எங்கே?

(வாலிகண்டபுரம் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வாலியின் பெயரைத் தாங்கிய ஊர் இது. ராஜ்யத்துக்காக வாலியும் சுக்ரீவனும் மோதிய கதையைச் சிறுவர்களும் அறிவார்கள். அண்ணனும் தம்பியும் பங்குக்குச் சண்டையிட்டால் அது கதையாகிறது. தங்கை பங்கு கேட்டாலோ, குடும்பத்துக்கே அவமானம் என்கிறார்கள்!

என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். 2012-ல் எங்கள் தகப்பனார் காலமானார். தாயார் முன்பே போய்விட்டார். சென்னையில் நர்ஸ் உத்தியோகம் பார்த்த தங்கை வந்து சேர்ந்தாள். தகப்பனார் சொந்தமாக வாங்கிய மூன்று ஏக்கர் மக்காச்சோளக் காடு, பிள்ளைகள் மூவர். கருமாதி முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் விடுதலைப் பத்திரத்தை நீட்டினார். "படிக்க வைத்தோம், நகை போட்டோம், மாதச் சம்பளமும் வருகிறது. உனக்கு எதற்கு நிலம்?" என்றார். கிணற்றுக் கடனை அடைத்தது அந்தச் சம்பளம்தான்! தங்கை என்னைப் பார்த்தாள். "உங்க கட்சி இதுக்கு என்னண்ணே சொல்லுது?" என்றாள். மேடைதோறும் பெண்ணுரிமை முழங்கிய நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

சட்டம் அன்றே அவள் பக்கம் இருந்தது. தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தேடிய சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே கூறிவிட்டது. அதற்கு முன்பு இந்துச் சட்டத் தொகுப்பைப் பிற்போக்காளர்கள் முடக்கியபோது, 1951-ல் டாக்டர் அம்பேத்கர் மந்திரி பதவியையே ராஜிநாமா செய்தார். பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டில் 1989-ல் வந்தது. அதற்குமுன் மணமாகியிருந்தவர்களை அது விலக்கியது. 2005-ல் மத்தியச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. தகப்பன் 2005-க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

இவை தாமாக வரவில்லை. கணவரைப் பிரிந்து, இரண்டு குழந்தைகளுடன் ஊட்டியில் தகப்பனார் வீட்டுக்கு வந்தார் ஆசிரியை மேரி ராய். அங்கிருந்து அவரை வெளியேற்ற உடன்பிறந்த சகோதரரே முயன்றார். திருவாங்கூர் கிறிஸ்தவர்களுக்கு 1916-ல் போட்ட சட்டம் என்ன சொல்லிற்று? மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுவே மகளுக்கு! மேரி ராய் சுப்ரீம் கோர்ட் வரை போராடி, 1986-ல் வென்றார்.

ஆனால் காகிதத்தில் வந்த உரிமை இன்னும் காட்டுக்கு வந்து சேரவில்லை. "பொறந்த வீடு வேணுமா, நிலம் வேணுமா?" என்று கேட்டே பறிக்கிறார்கள். சம்பளம் வாங்கும் எந்த அண்ணனாவது, சம்பளம் வருகிறதே என்று தன் பங்கை விட்டானா? பண்ணையாரை எதிர்த்துப் போராடிய நம் வீட்டுத் திண்ணையிலும் நிலப்பிரபுத்துவம் உட்கார்ந்திருக்கிறது!

"நிலமே இல்லாதவளுக்கு ஏது பங்கு?" என்று கூலி வேலை செய்யும் தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மனைப்பட்டாவும் நிலப்பட்டாவும் பெண் பெயரில் வேண்டும் என்று போராடுகிறோம். சர்க்காரிடம் அதைக் கேட்கும் வாய், வீட்டுக்குள் மட்டும் மூடிக்கொள்ளலாமா?

என் பங்கோடு சேர்ந்துவிட்ட அவளுடைய அரை ஏக்கரைச் சென்ற மாதம் அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தேன். காலங்கடந்து திருப்பிய கடன் அது. இதில் பெருமைப்பட எதுவுமில்லை. அண்ணனிடம் உள்ள அரை ஏக்கருக்காக இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

தோழர்களே, சாவு வீட்டில் கையெழுத்துக் கேட்காதீர்கள்! தாய்மார்களே, என்ன பத்திரம் என்று அறியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்! அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒவ்வொரு தோழரும் எழுந்து நின்று, தங்கையின் பங்கு எங்கே என்ற கேள்விக்குப் பதில் சொல்லட்டும். என் பதிலை இன்று உங்கள் முன் சொல்லிவிட்டேன்.