கையில் இருக்கிற போன்



நம்மில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸில் வளர்ந்தவர்கள்தான். விடியுமுன்னே வண்டி வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு அரைத் தூக்கத்தில் ஏறுவோம். குச்சி அடுக்கி அடுக்கி விரல் காய்த்துப்போகும். வெளியுலகத்துக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-லேயே வந்தாச்சு. 1990-ல் சலம் பென்னூர்கர் சிவகாசிப் பக்கம் வந்து ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று ஆவணப்படம் எடுத்தார். தீப்பெட்டிக்குப் பின்னால் இருந்த பிள்ளைகளை வெளியூர்க்காரங்க கண்ணால் பார்த்தாங்க. ஒரு படத்தாலேயே எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா பார்க்க வச்சது அதுதானே?

இப்போ அந்தக் கேமரா நம்ம மடியிலேயே கிடக்கு. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், கோயிலுக்குப் போன வயசான அம்மா ஒருத்தர் வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் சேர்ந்து அடித்தே கொன்றுவிட்டது. அதை அனுப்பினவங்க பிள்ளைகளைக் காப்பாத்துறோம்னுதான் நினைச்சிருப்பாங்க.

நானும் அனுப்பினவதான். ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு நடந்த கொடுமை, அவ படத்தோட, ‘நீதி கிடைக்கும்வரை பகிருங்கள்’னு வந்தது. மூணு குரூப்புக்கு அனுப்பினேன். ஒரு மாசம் கழிச்சு அவ அம்மாவைப் பார்த்தேன். எந்த ஊருன்னு கேட்காதீங்க. “போற வார எடமெல்லாம் எம்புள்ள மூஞ்சியையே பாக்காங்க மதினி, பள்ளிக்கூடம் போகமாட்டேங்கா”ன்னு அழுதாங்க. நான் அனுப்பினதை அவங்ககிட்ட சொல்ல வாய் வரலை.

2012 போக்சோ சட்டப்படி, அப்படிப்பட்ட பிள்ளையின் பேர், படம், முகவரி, பள்ளிக்கூடம், குடும்ப விவரம் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஒரு வருடம் வரை சிறை உண்டு. தெரிஞ்சும் போலீஸில் சொல்லாம இருக்கிறதும் அதே சட்டத்தில் குற்றம்தான். அதனால யக்கா, சொல்ல வேண்டிய இடம் வேற இருக்கு. 1098. ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம், காசு கிடையாது. குழந்தைத் தொழிலாளர், குழந்தைத் திருமணம் எதுவானாலும் சொல்லலாம். இந்த மாசக் கூட்டத்துல தீர்மான நோட்டுல ஒரு வரி எழுதுங்க: பிள்ளை படம் வந்தா அனுப்பறதில்லை, 1098-க்கு அடிக்கிறது.

அந்தப் படத்தை அழிக்கச் சொல்லி மூணு குரூப்புலயும் எழுதினேன். ரெண்டுல அழிச்சாங்க. மூணாவதுல இன்னும் கேட்டுக்கிட்டிருக்கேன்.