பழைய அல்பமும் புதிய வரவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



முத்திரை சேர்ப்பதைப் பற்றி நான் பேசப் போகிறேன் என்று கேள்வியுற்ற பெரியவர் ஒருவர், "நம்முடைய சங்க மேடையில் முத்திரைக்கு என்ன வேலை?" என்று வினவினார். நியாயமான கேள்விதான். திருவிதாங்கூர் அரசு 1888ஆம் ஆண்டில் முதன்முதலாக முத்திரை வெளியிட்டபோது அதிலே அரசரின் தலையைப் போடவில்லை, சங்கைப் பொறித்தது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வெள்ளி விழாவுக்காக 1935இல் இந்தியா வெளியிட்ட ஓரணா முத்திரையிலே இராமேசுவரம் கோயில் இருக்கிறது. 1914இல் வந்த பிரெஞ்சிந்திய முத்திரையிலே பிரமதேவர் இருக்கிறார். இவற்றைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அதன்பின் கேள்வி எழவில்லை.

சங்க வாசகசாலைக்கு அன்பர் ஒருவர் தந்துள்ள அல்பத்தை உங்களில் பலர் பார்த்திருக்கிறீர்கள். உலக நாடுகள் எல்லாவற்றினதும் பழைய முத்திரைகளுக்கென அமைந்த அல்பம் அது. 1840ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்திலே கறுப்புப் பென்னி முத்திரை புறப்பட்டது முதல் 1940 வரையுள்ள நூறாண்டுகளைப் பழைய காலம் என்று சேகரிப்போர் பொதுவாக வகுத்துக்கொள்வர். அந்தக் காலம் முடிந்துவிட்டது. இனி அதிலே புதிய முத்திரை அச்சாகப் போவதில்லை. அப்படியிருக்க, அல்பத்திலே புதிய வரவு எங்கிருந்து வரும் என்று தம்பிமார் கேட்கிறார்கள். "பணம் இருந்தால் ஏலத்தில் வாங்கலாம், நமக்கு ஏது?" என்று சோர்ந்து போகிறார்கள்.

பணக்காரர் ஏலத்தில் வாங்குவதை யாரோ ஒருவர் முதலில் ஒரு பெட்டிக்குள் கண்டெடுத்திருக்க வேண்டும் அல்லவா? பிரித்தானிய கயானாவின் ஒரு சத முத்திரையைப் பாருங்கள். இலண்டனிலிருந்து வரவேண்டிய முத்திரைகள் தாமதித்தமையால் 1856இல் உள்ளூர் அச்சகத்திலே அவசரத்துக்கு அடித்தது அது, செந்நிறக் கடதாசியில் கறுப்பு மையால் அச்சிட்டது, அழகும் இல்லை. 1873இல் வேர்னன் வோன் என்ற பன்னிரண்டு வயதுப் பள்ளிச் சிறுவன் தன் வீட்டுப் பழைய கடிதங்களுக்குள்ளே அதைக் கண்டு ஆறு சிலிங்குக்கு விற்றான். உலகத்தில் அந்த வகையில் அறியப்பட்டது அந்த ஒன்றே. 2014இல் நியூயோர்க்கிலே சுமார் 95 இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. சிறுவனைப் பேதை என்று சிரிக்காதீர்கள். பெரியவர்கள் பாராமல் விட்ட கட்டை அவிழ்த்துப் பார்த்தவன் அவன்தான்.

நம் வீட்டில் அப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை. இரண்டு வகையான வரவு நமக்கு உண்டு. ஒன்று, ஏற்கெனவே கையில் இருப்பதை நன்றாகப் பார்ப்பதால் வருவது. இலங்கையின் ஐந்தாம் ஜோர்ஜ் முத்திரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பிலே ஒரே படம், ஒரே நிறம். பின்புறத்தைப் பார்த்தால் கடதாசியின் நீர்க்குறி வேறுபடும். 1912 முதல் வந்தவற்றிலே முடியும் அச்செழுத்தும். 1921 முதல் வந்தவற்றிலே முடியும் கையெழுத்துப் போன்ற எழுத்தும். கறுப்புத் தட்டிலே முகங் கீழாக வைத்தால் பலவேளை கண்ணுக்கே தெரியும். ரப்பர் பால் வெட்டும் காட்சியுள்ள 1938ஆம் ஆண்டின் 2 சத முத்திரை, ஓரப் பற்களின் அளவு மாறிப் பல வகையாக வந்தது. அவற்றுள் ஒன்றன் விலை மற்றவற்றை விடப் பன்மடங்கு. "இரண்டு இருக்கிறது, ஒன்றைக் கொடுத்துவிடலாம்" என்று தள்ளி வைத்ததுதான் சில வேளை அல்பத்தில் இல்லாததாக இருக்கும். அளவுகோலும் பூதக்கண்ணாடியும் சாவணமும் போதும். பொறுமை மட்டும் வேண்டும்.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். இலங்கையின் முதல் முத்திரை, விக்டோரியா மகாராணியின் தலையுள்ள ஆறு பென்னி, 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆந் திகதி வெளிவந்தது. அதற்கு ஓரப் பற்கள் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அதே படத்துக்குப் பற்கள் வந்தன. பல்லுள்ளதை வாங்கிப் பல்லைக் கத்தரித்து, பல்லில்லாததென்று விற்போர் உண்டு. நாற்புறமும் தாராளமாக விளிம்பு இல்லாத ஒன்றை அந்தக் கட்டத்தில் ஒட்டாதீர்கள். வெறுங்கட்டம் நமக்கு அவமானமன்று.

மற்றொரு வரவு கடிதக் கட்டுகள். இதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். சென்ற ஆண்டு நம்மூர் ஆச்சி ஒருவர் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய தகப்பனார் மலாயாவிலே ரயில்வேயில் வேலை பார்த்தவர். கடித உறைகளிலெல்லாம் பாயும் புலி முத்திரை. தம்பிமார் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்கள். ஆச்சி சொன்னார்: "முத்திரை வேணுமெண்டால் எடுங்கோ. எழுத்தை மட்டும் எனக்கு வாசிச்சுச் சொல்லுங்கோ." அவருக்கு எழுத்து வாசிப்புத் தெரியாது. தாயார் போனபின் அந்தக் கடிதங்களை வாசிக்க வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை.

அன்று ஒரு முத்திரையும் வெட்டப்படவில்லை. கூட்டு மலாய் நாடுகளின் புலி முத்திரை சில்லறை விலைக்குக் கிடைப்பது. ஆனால் ஒரு முழு உறையிலே கோலாலம்பூர்க் கந்தோர்ச் சீலும், பின்புறத்திலே புத்தளம் கந்தோர்ச் சீலும் தெளிவாக இருந்தன. இரண்டு திகதிக்கும் இடையே பதினொரு நாள். வெட்டியிருந்தால் அந்தப் பதினொரு நாளும் குப்பைக்குப் போயிருக்கும். மொரிசியசு 1847இல் வெளியிட்ட முதல் இரு முத்திரைகளையும் ஒருங்கே தாங்கிப் போர்தோ நகருக்குப் போன கடித உறை ஒன்று, 1993இல் சூரிச்சிலே 50 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் ஏலம் போயிற்று. உறை உறையாகவே இருந்தமைதான் அதன் சிறப்பு. ஆச்சியின் கடிதங்களை மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்தோம். அரிசிக் காசு, காய்ச்சல், பிள்ளைக்குப் பெயர் வைப்பது. அந்தப் பிள்ளை ஆச்சிதான்.

இப்படியான பெட்டிகள் இங்கே அதிகம் எஞ்சியிருக்கவில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம், கற்பிட்டிப் பக்கமாக வந்து தங்கிய முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர். உடுத்த துணியோடு வந்தவர் கடிதப் பெட்டியையா தூக்கி வருவர்? போரிலே இடம்பெயர்ந்த நம்மவர் வீடுகளிலும் அதே கதைதான். எஞ்சியவற்றையோ நம்மூர்க் காற்று தின்கிறது. பாலாவி உப்பளத்துக்கு உதவுகிற காற்றும் வெயிலும் மாரியில் ஈரமாக மாறி, முத்திரைப் பசையை இளக்கித் தாளோடு தாளை ஒட்டவைக்கும்; பழுப்புப் புள்ளி போடும். அல்பங்களைப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றாமல் நிமிர்த்தி வையுங்கள். வெயில் நாளில் நிழலிலே திறந்து காற்றாட விடுங்கள். செலோரேப்பை அருகிலும் கொண்டுவர வேண்டாம்.

வாசகசாலையிலே புதிய வரவுப் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறோம். என்ன கிடைத்தது, எந்த வீட்டில், எந்த நாளில் என்பவற்றை அதில் எழுத வேண்டும். பழைய அல்பத்தில் அன்பர் ஒட்டியதைக் கழற்றிவிட்டு நம்முடையதை ஒட்டுவது கூடாது. நம்முடையதற்குப் புதிய தாள் சேர்ப்போம். கடிதம் வீட்டாருடையது. கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டு, அவர்கள் மனமுவந்து தந்தாலன்றி உறையையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஆச்சியின் பெட்டி அவர் வீட்டிலேதான் இருக்கிறது.

ஞாயிறுதோறும் பிற்பகல் நான்கு மணிக்கு வாசகசாலை திறந்திருக்கும். பூதக்கண்ணாடி இரண்டு உண்டு. வருகிற பிள்ளைகளின் தொகைக்கு அவை போதவில்லை. மூன்றாவது ஒன்றை யாரேனும் அன்பளிப்பாகத் தந்தால் நன்றியுடன் ஏற்போம்.