கரண்ட் வந்ததும் தானே எழும் கம்ப்யூட்டர்



கரண்ட் போகிறது. விளக்கு அணைகிறது. மின்விசிறி நிற்கிறது. அரை மணி கழித்துக் கரண்ட் வருகிறது. விளக்கு தானே எரிகிறது. மின்விசிறி தானே சுற்றுகிறது. ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் எழுவதில்லை. யாராவது போய் அதன் பட்டனை அழுத்த வேண்டும். ஏன் இப்படி?

சித்தூர் மாவட்டத்தில் நகரிப் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு பால் சேகரிக்கும் நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணி. பால் கேனோடு இருபது பேர் வரிசையில் நிற்கிறார்கள். பாலை எடை போட ஒரு மிஷின். கொழுப்பை அளக்க ஒரு மிஷின். இரண்டும் கம்ப்யூட்டரோடு சேர்ந்தவை. யார் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள், எவ்வளவு பணம் என்று அதுதான் சீட்டு அடித்துக் கொடுக்கும். இரவு கரண்ட் போய் வந்திருக்கிறது. திரை இருட்டாக இருக்கிறது.

"என்னம்மா, கரண்டுதான் வந்துடுச்சே! ஏன் நிக்க வைக்கிறே?"

"வந்துடுச்சு மாமா. இது எந்திரிக்கலையே. பெட்டி ரூமுக்குள்ள இருக்கு. சாவி செயலாளர் கிட்ட இருக்கு."

செயலாளர் பக்கத்து ஊரில் இருக்கிறார். வெயில் ஏறுகிறது. பால் காத்திருக்குமா? திரிந்தால் அது மாட்டுக்காரரின் நஷ்டம்.

2011 நவம்பர் 4 அன்று சித்தூர் மாவட்டத்தில்தான் மீசேவா திட்டம் தொடங்கியது. சாதிச் சான்று, வருமானச் சான்று, நிலப் பதிவேட்டின் நகல் எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக வரத் தொடங்கின. கம்ப்யூட்டர் எழாவிட்டால் சான்றும் வராது. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் ஒரு பிள்ளையின் படிப்பே அதில் தொங்குகிறது.

பழைய கம்ப்யூட்டரில் இந்தத் தொல்லை இல்லை. அதில் பெரிய சுவிட்ச் ஒன்று இருந்தது. மின்விசிறிச் சுவிட்ச் மாதிரிதான். போட்டால் போட்டபடி இருக்கும். கரண்ட் திரும்பி வந்தால் கம்ப்யூட்டரும் ஓடும். 1995-இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்ற புது அமைப்பை வெளியிட்டது. அதில் வந்த பட்டன் வீட்டு வாசலில் உள்ள காலிங் பெல் மாதிரி. அழுத்தினால் உள்ளே செய்தி போகும். கையை எடுத்தால் பட்டன் பழைய நிலைக்கு வந்துவிடும். கரண்ட் போய் வந்தால், யாரோ மறுபடி பெல் அடிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் காத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு வழி கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டு. கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பட்டனை அழுத்தியதும், படம் வருவதற்கு முன்பே, 'டெலிட்' அல்லது 'எஃப் 2' என்ற விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலமாகவோ கறுப்பாகவோ ஒரு பக்கம் வரும். அதன் பெயர் பயாஸ். அதில் மின்சாரம் பற்றிய பகுதியில் 'ஏசி பவர் லாஸ்' என்ற சொற்கள் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும். அதற்கு எதிரே மூன்று பதில்கள். 'பவர் ஆஃப்' என்றால் கரண்ட் வந்தாலும் எழாதே. 'பவர் ஆன்' என்றால் வந்ததும் எழு. 'லாஸ்ட் ஸ்டேட்' என்றால் கரண்ட் போகும்போது எப்படி இருந்தாயோ அப்படியே இரு. பால் நிலையத்துக்கு 'பவர் ஆன்' தான் சரி. மாற்றிய பிறகு பெரும்பாலும் 'எஃப் 10' தட்டிச் சேமிக்க வேண்டும். முதல் தடவை விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தொட வேண்டாம்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க வேண்டாமா? கம்ப்யூட்டரை முறையாக நிறுத்துங்கள். சுவர் சுவிட்சை அணையுங்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு சுவிட்சைப் போடுங்கள். பட்டனைத் தொடாமலே எழுந்தால் வேலை முடிந்தது. லேப்டாப்பில் இதைத் தேடி ஏமாற வேண்டாம். பல லேப்டாப்புகளில் இந்த வசதி கிடையாது.

உள்ளே நாணயம் போல ஒரு சின்ன பேட்டரி உண்டு. அது மூன்று வோல்ட். கரண்ட் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சீட்டில் திடீரென்று ஏதோ பழைய வருடம் அச்சானால் அந்த பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பல கம்ப்யூட்டர்களில் அதோடு இந்த அமைப்பும் மறந்துபோகும். பேட்டரி விலை கொஞ்சம்தான்.

கம்ப்யூட்டர் எழுந்தால் மட்டும் போதுமா? போதாது. பால் கணக்குப் புரோகிராமும் தானே தொடங்க வேண்டும். அதற்கும் தனி அமைப்பு இருக்கிறது. இன்னொன்று கடவுச் சொல். கம்ப்யூட்டர் எழுந்து, கடவுச் சொல்லைக் கேட்டபடி செயலாளருக்காகக் காத்திருக்கும். கடவுச் சொல்லை எடுத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கணக்கைப் பார்க்கலாம், மாற்றலாம். பால் நிலையத்தில் அறையைப் பூட்டிவைத்துச் சமாளிக்கலாம். சான்று கொடுக்கும் இடத்தில் கடவுச் சொல்லை எடுக்கவே கூடாது. அங்கே ஆள்தான் வர வேண்டும்.

கரண்ட் திரும்பும் நேரம் மோசமான நேரம். வரும், போகும், மறுபடி வரும். வோல்டேஜ் ஏறி இறங்கும். பிரிட்ஜுக்கு வைக்கும் ஸ்டெபிலைசர் சில நிமிடம் பொறுத்துத்தான் மின்சாரத்தை உள்ளே விடும். அது சோம்பல் இல்லை. கரண்ட் நிலைக்கட்டும் என்று காத்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் அந்த மாதிரிப் பாதுகாப்பு நல்லது. யு.பி.எஸ். இருந்தால் இன்னும் நல்லது. கரண்ட் போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு அழியாமல் இருக்கும்.

இதே 'தானே எழும்' வேலையை விவசாயிகளும் செய்தார்கள். பம்ப் செட்டில் வைக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் அதுதானே! 2004-இல் ஆந்திராவில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. ஆனால் நாள் முழுவதும் வரவில்லை. சில மணி நேரம்தான். அதிலும் ஒரு பகுதி இரவில். நடு இரவில் வயலுக்குப் போனால் பாம்பு இருக்கும். ஈரக் கையோடு ஸ்டார்ட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும். ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தால் வீட்டில் படுத்துத் தூங்கலாம். விவசாயி செய்ததில் என்ன தவறு?

தவறு ஒருவரிடம் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வதில் இருக்கிறது. ஒரு மோட்டார் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். சில நொடிதான். ஆனால் ஒரு டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் அதே நொடியில் கிளம்பினால்? பியூஸ் போகும். டிரான்ஸ்பார்மரே எரியும். பிறகு பல நாள் யாருக்கும் தண்ணீர் இல்லை. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வற்றினாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் கருகும். பக்கத்து மாநிலமான தெலங்கானாவில் 2018 ஜனவரி 1 முதல் விவசாயத்துக்கு 24 மணி நேரமும் மின்சாரம் கொடுத்தார்கள். அப்போது ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடும்படி விவசாயிகளை அரசு கேட்டுக்கொண்டது. இல்லையென்றால் நிலத்தடி நீர் இரவும் பகலும் இறைக்கப்பட்டுவிடும். சித்தூர், திருப்பதிப் பகுதிக்கு மின்சாரம் தரும் நிறுவனத்தின் தலைமை அலுவலகம் திருப்பதியில் இருக்கிறது. ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் பற்றிய சந்தேகத்தை உங்கள் ஊர் லைன்மேனிடமே கேட்கலாம்.

மின்சார வாரியத்துக்கும் இதே பாடம்தான். 2012 ஜூலை 30 அன்று வட இந்தியாவில் மின்சாரம் மொத்தமாக நின்றது. மறுநாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் இருண்டன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. தென் மாநிலங்கள் தப்பின. அப்போது தென்னகத்தின் மின்தொகுப்பு தனியாக இயங்கியது. 2013 டிசம்பர் 31 அன்றுதான் மற்றவற்றோடு ஒன்றாக இயங்கத் தொடங்கியது. இருண்ட பகுதியை எப்படி எழுப்பினார்கள்? அனல் மின் நிலையத்தைத் தொடங்கவே மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையத்துக்கு அவ்வளவு தேவையில்லை. மதகைத் திறந்தால் சக்கரம் சுற்றும். அந்த மின்சாரத்தைக் கொண்டு அடுத்த நிலையம், பிறகு ஒவ்வொரு ஊராக. ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் விட்டிருந்தால் மறுபடி விழுந்திருக்கும்.

தானே எழக் கூடாத மிஷின்களும் உண்டு. மாவு மில், கரும்புச் சாறு மிஷின், தீவனம் வெட்டும் மிஷின், நகரியின் விசைத்தறி. கரண்ட் போனது என்று ஒருவர் உள்ளே கை விட்டுச் சிக்கலை எடுப்பார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தால் விரல் போய்விடும். அதற்காகவே ஸ்டார்ட்டரில் நோ வோல்ட் காயில் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் அது பிடியை விட்டுவிடும். பச்சைப் பட்டனை மறுபடி அழுத்தினால்தான் மிஷின் ஓடும். அடிக்கடி அழுத்துவது தொல்லை என்று சில இடங்களில் அந்தப் பட்டனில் குச்சி செருகி வைக்கிறார்கள். உங்கள் ஊர் மில்லில் அப்படிக் குச்சி இருந்தால், அதை எடுக்கும்வரை மாவு அரைக்கக் கொடுக்காதீர்கள்.